கடல் மேற்கே இருந்த நகரம்

திருகோணமலையிலிருந்து புல்மோட்டைக்குப் போகும் கரையோர வீதியில், நிலாவெளியையும் இறக்கக்கண்டியையும் கும்புறுப்பிட்டியையும் கடந்து ஏறத்தாழ 21 மைல் சென்றால் குச்சவெளி வரும். ஒரு பக்கம் வங்காள விரிகுடாவும் மறுபக்கம் களப்பும் வயலும் காடுமாக அமைந்த அந்தக் கிராமத்திலே பிறந்தவர்களுக்குத் திசையறிவு நடக்கப் பழகும்போதே வந்துவிடும். சூரியன் எழும் பக்கம் கடல். அவன் இறங்கும் பக்கம் காடு. கடலுக்கு முகங்கொடுத்து நின்றால் வலக்கைப் பக்கம் திருகோணமலை, இடக்கைப் பக்கம் திரியாயும் புல்மோட்டையும். இவ்வளவே எங்கள் பூகோளம். இருட்டிலும் அலையின் ஓசையைச் செவியால் பிடித்துக்கொண்டு, எந்த ஒழுங்கையில் நிற்கிறோம், எப்படித் திரும்பினால் வீடு வரும் என்பதை எங்களூர்ச் சிறுவர் எவரும் சொல்லிவிடுவர்.

காற்றும் எங்களுக்கு ஒரு பஞ்சாங்கமாக இருந்தது. ஐப்பசி கழிந்து வாடைக்காற்று வீசத் தொடங்கினால் கடல் கொந்தளிக்கும், தோணிகள் கரையேறும், மழை பொழியும், களப்பு நிறையும். வைகாசி பிறந்து, மேற்கே காட்டைக் கடந்து கச்சான் வரத் தொடங்கினால் நிலம் காயும், கடல் அடங்கும். மேற்குக் கரையிலே அக்காலத்தில் கடல் சீறி எழுவதால், நீர்கொழும்புப் பக்கத்து மீனவர் தம் வலைகளோடும் குடும்பங்களோடும் எங்கள் கரைக்கு வந்து, கிடுகு வேய்ந்த வாடிகளை அமைத்துக்கொண்டு, வாடைக்காற்று மீளும்வரை தொழில் செய்வர். அவர்களிற் பலர் தமிழும் சிங்களமும் கலந்து பேசுபவர்கள். கருவாட்டுப் பாய்களுக்கிடையே அவர்கள் பிள்ளைகளோடு விளையாடித் திரிந்த நாட்களில், ‘வா’, ‘போ’, ‘எங்கே’, ‘எவ்வளவு’ என்ற அளவிலான சிங்களச் சொற்கள் எனக்கு யாரும் கற்பியாமலே வந்து சேர்ந்தன. பிற்காலத்தில் ஒரு பெருநகரத்தின் வீதிகளில் அச்சொற்களே எனக்கு முதலாகப் போகின்றன என்பதை அன்று அறிந்திருக்க நியாயமில்லை.

அக்காலத்தில் எங்கள் வீதியிலே, களப்புகள் கடலோடு கலக்குமிடங்களில் பாலங்கள் இல்லை. ‘பாதை’ என்று கிழக்கு மாகாணத்தார் வழங்கும் மிதவையிலோ தோணியிலோ ஏறித்தான் அக்கரை சேர வேண்டும். நீர் எந்த மட்டத்தில் நிற்கிறது, பாதை இந்தக் கரையில் இருக்கிறதா அந்தக் கரையில் இருக்கிறதா, பஸ் வண்டி காத்து நிற்குமா என்பனவெல்லாம் எதிரே வருகிறவரைக் கேட்டே அறியத் தக்கவை. கேட்பவனுக்குக் கூச்சமில்லை, சொல்பவனுக்குச் சலிப்புமில்லை. வழி என்பது எங்கள் பிரதேசத்தில் மனிதரிடத்தே இருந்தது; மனிதரைக் கேட்டு அதைப் பெற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. இந்த ஒரு பழக்கத்தைத் தவிர வேறு ஆயத்தம் எதுவுமில்லாமலே நான் கொழும்பு மாநகரத்துக்குப் பிரயாணமானேன்.

திருகோணமலையில் ஸ்ரீ கோணேஸ்வர இந்துக் கல்லூரியிலே என் பள்ளிப்படிப்பு நிறைவேறியது. சுவாமி விபுலாநந்தர் ஒரு காலத்தில் தலைமை தாங்கி நடத்திய கல்லூரி அது. இலங்கைப் பல்கலைக்கழகம் 1942இல் தோன்றியபின், 1943இல் அதன் முதல் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்தவரும் அவரே. ஆதலால், பல்கலைக்கழகம் என்ற பெயர் எங்கள் வகுப்பறைகளில் அந்நியமாக ஒலிக்கவில்லை. நம்மவர் ஒருவர் முன்னே நடந்து காட்டிய இடமாகவே அதை நாங்கள் எண்ணியிருந்தோம். 1952இல் பல்கலைக்கழகத்தின் பெரும்பகுதி பேராதனைக்குப் பெயர்ந்துவிட்டபோதிலும், விஞ்ஞானமும் மருத்துவமும் பொறியியலும் கொழும்பிலேயே தங்கியிருந்தன. விஞ்ஞான பீடத்துக்குத் தெரிவுபெற்ற நான் 1957ஆம் ஆண்டிலே, ஒரு தகரப் பெட்டியும் பனையோலைப் பாயும் என் தாயார் கட்டித்தந்த பொரிவிளாங்காய்ப் பொட்டலமுமாக, திருகோணமலை நிலையத்தில் இரவுத் தபால் வண்டியின் மூன்றாம் வகுப்பில் ஏறினேன்.

அந்த இரவுப் பிரயாணத்தை என் வயதொத்த கிழக்கிலங்கையார் எவரும் மறந்திருக்கமாட்டார்கள். சீனன்குடாவின் எண்ணெய்த் தாங்கிகள் இருளில் கருமையாகப் பின்னே நகர, தம்பலகாமத்து வயல்களின் ஈரமணமும் கந்தளாய்க் குளத்துக் குளிர்காற்றும் ஜன்னல் வழியே வந்து போக, நள்ளிரவை நெருங்கும் வேளையில் வண்டி கல்லோயாச் சந்தியில் வந்து நிற்கும். மட்டக்களப்பிலிருந்து வரும் பெட்டிகளோடு எங்கள் பெட்டிகள் இணைக்கப்படும்வரை, தேநீர் விற்பவர்களின் குரலும் இரும்பு மோதும் ஓசையும் அந்தக் காட்டு நிலையத்தை விழித்திருக்கச் செய்யும். இரண்டு பிரதேசத்து ஜனங்கள் ஒரு வண்டியாகி, மாகோவையும் பொல்காவலையையும் கடந்து, விடியும் வேளையில் தென்னந்தோட்டங்களுக்கிடையே மேற்குநோக்கி ஓடும்போது, முதன்முறையாகச் சூரியன் எனக்குப் பின்புறத்திலே, நிலத்திலிருந்து எழுவதைக் கண்டேன். கடலில்லாத ஓர் உதயத்தை அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

கோட்டை நிலையத்திலே என்னை எதிர்கொண்டவர், புறக்கோட்டைத் துணிக்கடையொன்றில் நெடுங்காலம் வேலைபார்த்துவந்த எங்களூர் முஸ்லிம் பெரியவர். என் தந்தையாருக்குச் சிநேகிதர். ஊரில் நாங்களெல்லாம் அவரைக் காக்கா என்றே அழைப்போம். பெட்டியை என் கையிலிருந்து வாங்கித் தம் தோளில் வைத்துக்கொண்டு, நிலையத்துக்கு வெளியே பெருக்கெடுத்து ஓடிய ஜனத்திரளின் ஓரத்தில் என்னை நிறுத்தி, அவர் சொன்ன வார்த்தைகள் என் முதல் விரிவுரையாக அமைந்தன. “தம்பி, இந்தச் சனத்தப் பார்த்து மிரள வேணாம். வழி தெரியாட்டிக் கேளுங்க. நடந்து போறவனிட்டக் கேளாதீங்க, அவனும் உங்களப் போல வந்தவனா இருப்பான். கடை வச்சிருக்கிறவனிட்டக் கேளுங்க. மூணு பேரிட்டக் கேட்டு, ரெண்டு பேர் ஒண்டாச் சொல்ற பக்கம் போங்க.” “சரி காக்கா” என்றேன். விஞ்ஞான பீடத்திலே அளவீட்டுப் பிழைகளைப் பற்றிப் படித்தபோது, ஓர் அளவையே பலமுறை எடுத்து ஒப்புநோக்க வேண்டுமென்ற விதி எனக்குப் புதிதாகத் தோன்றாமைக்கு இந்த உபதேசமே காரணம்.

அன்று முற்பகல் முழுவதும் அவர் என்னைப் புறக்கோட்டையிலே நடத்திக் காட்டினார். ஒல்லாந்தர் காலத்து அமைப்பென்று சொல்லப்படும் அந்த நேர்த் தெருக்களையும், முதலாம், இரண்டாம், மூன்றாம் என எண்ணிட்ட குறுக்குத்தெருக்களையும், ஒவ்வொரு தெருவுக்கும் உரிய வியாபாரத்தையும் மணத்தைக்கொண்டே அறியலாம் என்பதை அவரே கற்பித்தார். மிளகாயும் மஞ்சளும் மணக்குமிடம் ஒன்று. புதுத்துணியின் கஞ்சி மணம் வேறொன்று. செட்டியார் தெருவுக்கு வந்தால் பொற்கொல்லரின் சிறு சுத்தியல் ஓசையும் கதிரேசன் கோயில்களின் சாம்பிராணியும். இரண்டாம் குறுக்குத்தெருவிலே செவ்வண்ணமும் வெள்ளையும் மாறிமாறி வரிகொண்டு ஓங்கிய, 1909இல் கட்டி முடிக்கப்பெற்ற பள்ளிவாசலின் கோபுரங்களைக் காட்டி, “இத மறக்காதீங்க, புறக்கோட்டையில எங்க நின்டாலும் இதப் பார்த்தா இடம் புடிபடும்” என்றார். துறைமுகத்தை நோக்கி வந்த மாலுமிகளுக்கும் அக்கோபுரங்கள் அடையாளமாக விளங்கின என்பதைப் பின்னர் அறிந்து, கடலோரத்துப் பெரியவர் ஒருவர் அவற்றை எனக்குச் சுட்டியது எவ்வளவு பொருத்தமென்று எண்ணிக்கொண்டேன்.

எனக்கு வெள்ளவத்தையிலே, யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒன்றின் வீட்டில் ஓர் அறை ஒழுங்காகியிருந்தது. கோட்டையிலிருந்து தெற்கே செல்லும் கரையோரப் புகைவண்டியில் ஏறி, கொம்பனித்தெருவைக் கடந்து கொள்ளுப்பிட்டியை அடைந்ததும், ஜன்னலுக்கு நேரே, தண்டவாளத்துக்கும் கருங்கல் அணைக்கும் அப்பால் கடல் திறந்தது. என் உள்ளம் பூரித்தது. ஆனால் என் உடம்பு அக்கடலை ஏற்றுக்கொள்ள நெடுநாள் சென்றது. வடக்கிலிருந்து தெற்கே போகும்போது கடல் என் இடப்புறத்தே இருப்பதுதான் பிறவி முதல் நான் கண்ட ஒழுங்கு. இங்கே அது வலப்புறத்தே கிடந்தது. சூரியன் அதற்குள் இறங்கினான். ஆனி, ஆடி மாதங்களில், எங்கள் கரை குளம்போல் அடங்கிக் கிடக்கும் பருவத்தில், இங்கே அலைகள் தண்டவாளக் கற்களின்மேல் ஏறி உடைந்தன. மார்கழியில், குச்சவெளியில் தோணிகளெல்லாம் கரையேறியிருக்கும் காலத்தில், கொழும்புக் கடல் சாந்தமாக மினுங்கியது. ஒரே தீவின் இரண்டு கரைகள் ஒன்றுக்கொன்று ஓய்வு கொடுத்து மாறிமாறி உழைக்கின்றன என்பதையும், நீர்கொழும்பு மீனவர் ஆண்டுதோறும் எங்களிடம் வந்தது அந்த நியதியைப் பின்பற்றியே என்பதையும், அந்தப் புகைவண்டி ஜன்னலில் இருந்தபடியே நான் முழுமையாக விளங்கிக்கொண்டேன்.

விளங்கிக்கொண்டபின் நகரம் எளிதாயிற்று. காலி வீதி கடலுக்குச் சமாந்தரமாக ஓடுவது. அதிலிருந்து ஒழுங்கைகள் ஒரு பக்கம் கடலை நோக்கியும் மறுபக்கம் நிலத்தை நோக்கியும் பிரிவன. கொழும்புவாசிகள் ஒரு வீட்டுக்கு வழி சொல்லும்போது கடற்பக்கமா தரைப்பக்கமா என்றே முதலிற் சொல்வர். கிழக்கும் மேற்கும் இடம் மாறியிருந்தாலும், கடலைக்கொண்டு தரையை அளக்கும் எங்களூர் வழக்கம் இங்கும் செல்லுபடியாயிற்று. குச்சவெளியிலிருந்து நான் கொண்டுவந்த அறிவு பழுதுபடவில்லை. அதைத் திருப்பிப் பிடிக்க வேண்டியிருந்தது, அவ்வளவே.

நாள்தோறும் காலையில் வெள்ளவத்தையிலிருந்து பம்பலப்பிட்டிச் சந்திவரை பஸ்ஸிலும், அங்கிருந்து புல்லர்ஸ் வீதியின் பெருமரங்களின் நிழலில் கால்நடையாகத் தர்ஸ்டன் வீதிக்கும் செல்வேன். பௌதிகவியலில் பேராசிரியர் ஏ. டபிள்யூ. மயில்வாகனம் அவர்களும், கணிதத்தில் பேராசிரியர் சி. ஜே. எலியேசர் அவர்களும் விளங்கிய காலம் அது. ஆங்கிலத்திலே அமைந்த விரிவுரைகளைச் செவிமடுத்துக் குறிப்பெழுதிக் களைத்து, மாலையில் அதே வழியே திரும்பும்போது, பஸ்ஸின் மிதிபலகையில் நின்ற நடத்துனர்கள் எனக்கு வேறொரு பாடத்தை நடத்தினார்கள். சில்லறை இல்லாத கிழவிக்குப் பொறுத்திருப்பது எப்படி, ஏறமுடியாத கர்ப்பிணிக்காக வண்டியை நிறுத்துமாறு சாரதிக்கு ஒரு தட்டுத் தட்டிச் சொல்வது எப்படி, நெரிசலில் நிற்கும் அத்தனை பேரின் இறங்குமிடங்களையும் நினைவில் வைத்திருப்பது எப்படி என்பனவற்றை அவர்களைப் பார்த்தே அறிந்தேன். என் முகத்தைச் சில வாரங்களிலேயே அடையாளங்கண்டுகொண்ட ஒருவர், பம்பலப்பிட்டிச் சந்தி நெருங்கியதும், “மல்லி, பஹின்ன” என்று குரல் கொடுப்பார். வீட்டில் மூத்த பிள்ளையாகப் பிறந்த என்னை ஒருவர் தம்பி முறைசொல்லி அழைத்து இறக்கிவிடுவதில் ஓர் ஆறுதல் இருந்தது.

அவ்வாண்டு ஆடிமாதத்து வேல்விழாவே கொழும்பு முழுவதையும் ஒரே நடையில் எனக்குக் காட்டித் தந்தது. செட்டியார் தெருக் கோயிலிலிருந்து புறப்படும் வேல், வெள்ளித் தேரிலே எழுந்தருளி, புறக்கோட்டையையும் கோட்டையையும் கடந்து, காலிமுகத்திடலின் கடற்காற்றை வாங்கிக்கொண்டு, கொள்ளுப்பிட்டி வழியாகப் பம்பலப்பிட்டிப் பக்கம் வந்துசேரும். பஸ் வண்டியில் இருந்தவாறு துண்டுதுண்டாக நான் அறிந்திருந்த இடங்களெல்லாம், தேருக்குப் பின்னே அடியடியாக நடந்த அன்று, ஒன்றையொன்று தொட்டுத் தொடர்ந்து ஒரே வீதியாக நின்றன. இருமருங்கிலும் கரும்புக் கட்டுகளும் வளையல் கடைகளும் தண்ணீர்ப் பந்தல்களும். சிங்களவரும் முஸ்லிம்களும் பறங்கியரும் தத்தம் வாசல்களில் நின்று, குழந்தைகளைத் தோளில் ஏற்றி வேலைக் காட்டினார்கள். ஒரு நகரத்தைத் தனக்குரியதாக உணர வேண்டுமானால், அதன் பிரதான வீதியை ஒருமுறையாவது கால்நடையாகக் கடக்க வேண்டுமென்பது அன்று முதல் என் உறுதியான அபிப்பிராயம்.

1958 ஜனவரி முதலாந் திகதி, தனியார் கம்பனிகளிடமிருந்த பஸ் சேவைகளை அரசாங்கம் பொறுப்பேற்று, இலங்கைப் போக்குவரத்துச் சபையை நிறுவியது. அதற்குமுன் ஒவ்வொரு பகுதியும் ஒவ்வொரு கம்பனிக்கு உரியதாயிருந்தமையால், ஒரு பகுதியிலிருந்து இன்னொன்றுக்குப் போகிறவன் கம்பனிகளின் எல்லைகளையும் மனத்தில் வைத்துப் பிரயாணம் செய்ய வேண்டியிருந்தது. இனி நாடு முழுவதற்கும் ஒரே சபை, ஒரே சீட்டு என்ற எண்ணம், கையில் காசு குறைந்த மாணவர்களாகிய எங்களுக்கு உற்சாகத்தைத் தந்தது. லண்டன் நகரத்தில் ஓடி ஓய்ந்த இரட்டைத்தட்டு பஸ்கள் பின்னர் காலி வீதிக்கு வந்தன. மேல்தட்டின் முன்னாசனத்தில் இடம் கிடைத்த மாலைகளில், தென்னைகளின் தலைகளுக்கும் ஓட்டுக் கூரைகளுக்கும் மேலாகக் கடலைப் பார்த்துக்கொண்டு வருவது, எனக்கு எட்டக்கூடிய செலவில் கிடைத்த பேரின்பம். பஸ்களின் நெற்றிப் பலகைகளைப் பார்த்தே சிங்கள எழுத்துக்களையும் பழகினேன். ஊர்ப்பெயர்களை முன்னமே அறிந்திருந்தமையால், எழுத்துக்கள் ஒவ்வொன்றாக அவற்றோடு பொருந்திக்கொண்டன. எவரும் வற்புறுத்தாத அந்தக் கல்வியிலே எனக்கு மிகுந்த சந்தோஷம் இருந்தது.

விடுமுறை நாட்களில் ட்ராம் வண்டி. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கி, 1944இல் மாநகரசபையின் கைக்கு வந்த அந்தச் சேவை, என் காலத்தில் முதுமையை அடைந்திருந்தது. 1953 முதல் ஓடத்தொடங்கிய ட்ரொலி பஸ்கள் அதன் பக்கத்திலே இளமையோடு விரைந்தன. ஆயினும் மருதானை வழியாகப் பொரளைக்கும், பாலத்துறைப் பக்கத்துக்கும் தண்டவாளத்தின்மீது மணியடித்துக்கொண்டு நிதானமாகச் செல்லும் ட்ராமே எனக்கு உகந்தது. விரைவு குறைந்த வண்டியிலிருந்து பார்த்தால்தான் ஒரு தெருவின் முகம் தெரியும். துறைமுகத் தொழிலாளர், அச்சுக்கூடத்துப் பிள்ளைகள், மருத்துவமனைக்குப் போகும் நோயாளர், சந்தைக்கூடையோடு வரும் பெண்கள் என்று, தர்ஸ்டன் வீதியில் நான் காணாத கொழும்பு அந்த மர ஆசனங்களில் என்னோடு அருகிருந்து பிரயாணம் செய்தது. கொச்சிக்கடையிலே, சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லாற் புதுக்கிய பொன்னம்பலவாணேசுவரர் கோயிலுக்கும், செவ்வாய்தோறும் எல்லாச் சமயத்தாரும் மெழுகுதிரியோடு வந்து குவியும் புனித அந்தோனியார் ஆலயத்துக்கும் நான் முதலிற் சென்றது, அவ்வழி போகிறவர்களைக் கேட்டு அவர்களோடு கூடவே நடந்துதான்.

பல்கலைக்கழகத்திலிருந்து குதிரைப்பந்தயத் திடலின் ஓரமாக நடந்தால் நூதனசாலையை அடையலாம். 1877இல் திறக்கப்பெற்ற அந்த வெண்மாளிகையின் நூலகத்திலே ஒருநாள், இலங்கைச் சாசனங்களைப் பதிப்பிக்கும் ‘எபிகிராபியா ஸெய்லானிகா’வின் மூன்றாந் தொகுதியைப் புரட்டியபோது, குச்சவெளி என்ற பெயர் என் கண்ணிற் பட்டது. எங்கள் கடலோரப் பாறையிலே, சைத்திய உருவங்களுக்கருகில் வடமொழியில் வெட்டப்பட்டிருக்கும் பழைய சாசனத்தைப் பற்றிய ஆராய்ச்சி அது. எழுதியவர் செனரத் பரணவிதான. உயிர்களின் துயரத்தைத் துடைக்க வேண்டுமென்ற மகாயான பௌத்தப் பிரார்த்தனையே அச்சாசனத்தின் சாரம். வலை காயவைக்கும் பாறையென்றே சிறுவயது முதல் நான் அறிந்திருந்த ஒன்றைப் படித்தறிய ஓர் அறிஞர் எங்கள் வீதியின் களப்புகளைக் கடந்து வந்திருக்கிறார். அவரும் அங்கே யாரையோ வழிகேட்டுத்தான் வந்திருக்க வேண்டும். சொந்த ஊரைப் பற்றி அறிவதற்கு அந்நிய நகரத்துக்கு நடக்கவேண்டியிருந்தது எனக்கு வருத்தத்தைத் தரவில்லை. ஒருவர் மற்றவரின் இடத்துக்குச் சென்றுவருவதனாலேதான் ஞானம் பெருகுகின்றது என்பதற்கு அந்நூலே சாட்சியாக என் முன்னே கிடந்தது.

இவ்வாறெல்லாம் எனக்கு வசப்பட்ட நகரம், 1958 மே மாதத்தின் கடைசி வாரத்தில் ஒரே இரவில் அந்நியமாயிற்று. அவ்வேளை நான் ஊருக்கு வந்திருந்தேன். பொலன்னறுவைப் புகையிரத நிலையத்திலே பிரயாணிகள் தாக்கப்பட்ட செய்தியும், பின்னர் கொழும்பு வீதிகளிலே தமிழர் வண்டிகளிலிருந்து இறக்கப்பட்டு அடிபட்ட செய்தியும், 27ஆந் திகதி அவசரகால நிலை பிரகடனமான செய்தியும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. சிங்களப் பத்திரிகையை நீட்டிப் படிக்கச் சொல்லி ஆளை இனங்கண்டார்கள் என்று கேள்விப்பட்டபோது, பஸ் பலகைகளைப் பார்த்து ஆனந்தமாக நான் எழுத்துக்கூட்டிய மாலைகள் நினைவில் எழுந்து நெஞ்சைச் சுட்டன. நான் தங்கியிருந்த வீட்டார், எங்கள் பல்கலைக்கழகத்துக்கு அயலிலேயே உள்ள றோயல் கல்லூரியில் அகதிகளாகச் சிலநாள் இருந்து, கப்பலேறிக் காங்கேசன்துறைக்குப் போய்ச்சேர்ந்தார்கள். நகரத்தின் குறுக்கே நாள்தோறும் சுயாதீனமாகச் சஞ்சரித்த மக்கள், நகரத்தைவிட்டுப் போவதற்குக் கடலை ஒழிய வேறு வழி இல்லாதவர்களானார்கள்.

அதே நாட்களில், அது கச்சான் பருவமாதலால், நீர்கொழும்பு மீனவர் குச்சவெளிக் கரையிலே தம் வாடிகளில் இருந்தனர். வந்த இடத்திலே நம்பியிருந்தவர்களின் முகங்களில் அப்போது தோன்றிய அச்சத்தை நான் நேரே கண்டேன். எங்களூர்ப் பெரியவர்கள், தமிழரும் முஸ்லிம்களும், ஒன்றுகூடிப் பேசி, அந்த வாடிகளுக்கு அருகே இரவில் முறைவைத்துக் காவலிருந்தார்கள். என் தந்தையாரும் போனார். நானும் அவரோடு இருந்தேன். “கொழும்பிலே உனக்கு வழி காட்டினவங்களுக்கு நாங்க இதையாவது செய்ய வேணும்” என்று அவர் சொன்னது, பழிக்குப் பழி என்ற பேச்சே எங்கும் கேட்ட அந்த நாட்களில், மிகவும் பெரிய வார்த்தை.

மறுபடியும் இரவுத் தபால் வண்டியிலேறிக் கொழும்புக்குத் திரும்பியபோது, வீதிகள் இருந்த இடத்திலேயே இருந்தன. பஸ்களும் ட்ராம்களும் ஓடின. ஆனால் ஏறுமுன் உள்ளிருப்போரின் முகங்களை ஒருமுறை பார்ப்பதும், வாசலுக்கு அருகான ஆசனத்தைத் தேடுவதும், தாய்மொழியில் தாழ்ந்த குரலிற் பேசுவதும் எங்களுக்கெல்லாம் வழக்கமாகிவிட்டன. வழி தெரிந்திருந்தும் போகத் தயங்குவது, வழியே தெரியாமல் நிற்பதைவிடக் கொடிய நிலை. அந்தத் தயக்கத்தை மெல்லமெல்லத் தளர்த்தியவர்கள் பெரிய மனிதர்களல்லர். முன்போலவே சில்லறையை எண்ணித் தந்த நடத்துனர்களும், முன்போலவே கேட்டதற்கு விடை சொன்ன கடைக்காரர்களுமே. பம்பலப்பிட்டிச் சந்தியில் என்னைத் தம்பியென்று அழைத்து இறக்கிவிடும் அந்த நடத்துனரை மீண்டும் கண்ட அன்று, அவர் எதுவும் விசாரிக்கவில்லை. சீட்டுக்கான காசை வாங்காமல் என் கையை மூடிவிட்டு, அடுத்த ஆசனத்துக்கு நகர்ந்தார்.

நான் பட்டம் பெற்று வெளியேறிய 1960இல் ட்ராம் சேவையும் நிறுத்தப்பட்டது. ட்ரொலி பஸ்களுக்கும் 1964க்கு மேல் ஆயுள் இருக்கவில்லை. வாகனங்கள் மாறுவது இயல்பு. அதற்காக நான் துக்கப்படவில்லை. ஆனால் பின்வந்த தசாப்தங்களில், சோதனைச் சாவடிகளும் மூடப்பட்ட வீதிகளுமாக, இந்நாட்டுப் பிள்ளைகள் பலருக்குச் சொந்த நாட்டு நகரங்களிலேயே நிம்மதியாக நடந்து திரியும் பாக்கியம் கிட்டாமற் போனதை எண்ணித் துக்கப்படுகிறேன். எங்கள் குச்சவெளி வீதியும் அந்தக் காலத்தை முழுவதும் அனுபவித்தது. பட்டமும் உத்தியோகமும் வாழ்வுக்கு வேண்டியவையே. எனினும், பத்தொன்பது இருபது வயதிலே ஓர் அந்நிய நகரத்தில் அச்சமின்றி ஏறி, இறங்கி, நடந்து, கேட்டு, தங்கி வருவதால் ஒருவன் பெறும் மனவிசாலத்தை எந்தப் பீடத்தாலும் பரீட்சை வைத்து வழங்க முடியாது. அந்தச் சுதந்திரத்தைப் பிள்ளைகளுக்கு உறுதிசெய்ய இயலாத நாடு, அவர்களுக்கு எத்தனை பல்கலைக்கழகங்களைக் கட்டினாலும் கல்வியைப் பாதியாகவே கொடுத்ததாகும்.

இப்போது எங்கள் களப்புகளுக்கு மேலே உறுதியான பாலங்கள் நிற்கின்றன. நிலாவெளிப் பக்கத்துக் கோணேசபுரியிலே கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் அமைந்திருக்கின்றது. காலியிலிருந்தும் குருநாகலிலிருந்தும் மலைநாட்டுத் தோட்டங்களிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் பிள்ளைகள் அங்கே படிக்க வருகிறார்கள். பெட்டியும் கையுமாக வீதியோரத்தில் நின்று, எந்தப் பஸ் எங்கே போகும் என்று அறியாமல் சுற்றுமுற்றும் பார்க்கும் அந்த முகங்களை நான் அடிக்கடி காண்கிறேன். அவர்களிற் சிலருக்குத் தமிழ் தெரியாது. சிலருக்குக் கடலே புதிது. நம் கடைக்காரர்களையும் பஸ் நடத்துனர்களையும் முச்சக்கரவண்டிச் சாரதிகளையும் வீடு வாடகைக்கு விடுவோரையும் நான் வேண்டிக்கொள்வது ஒன்றுண்டு. அப்பிள்ளைகள் கேட்கும்வரை காத்திராமல் அருகே சென்று, போகுமிடத்தை விசாரித்து, ஏறவேண்டிய வண்டியைக் காட்டி, இறங்குமிடத்தை நடத்துனரிடம் சொல்லி அனுப்புங்கள். இருட்டிவிட்டதாயின் ஒருவரைத் துணைக்கு அனுப்புங்கள். கொழும்பிலே என்னைப் போன்றவர்கள் சாமானிய மனிதரிடம் பெற்ற கடன் அது. கொடுத்தவர்களைத் தேடித் திருப்பிக்கொடுக்க இனி இயலாது. நம் கரைக்குப் புதிதாக வந்து நிற்கும் பிள்ளைகளுக்கே அதைச் செலுத்தியாக வேண்டும்.